சுற்றுலா விசாவும் இரண்டு மாத இடைவெளி விதியும்

ஓய்வுக்காலத்தைக் கழிக்க வருவோருக்கெனத் தனி விசா இந்தியாவில் இல்லை. எனவே கோவா, திருவண்ணாமலை போன்ற இடங்களில் நீண்டகாலம் தங்கிய வெளிநாட்டினர் பலர் சுற்றுலா விசாவையே நம்பியிருந்தனர். விசாக் காலம் முடிந்ததும் நேபாளம், இலங்கை போன்ற அண்டை நாடுகளுக்குச் சென்று, புது விசா பெற்று உடனே திரும்புவர்.

2009 அக்டோபரில் டேவிட் ஹெட்லி அமெரிக்காவில் கைதானார். 2008 மும்பைத் தாக்குதலுக்கு வேவு பார்க்க அவர் பலமுறை இந்தியா வந்துபோனது வெளிப்பட்டது. இதையடுத்து, சுற்றுலா விசாவில் வந்து வெளியேறியவர் மீண்டும் நுழைய இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும் என்று அரசு விதித்தது. வாடகை வீட்டில் உடைமைகளை விட்டுச் சென்றவர்கள்கூட உடனே திரும்ப இயலவில்லை.

ஆனால் ஹெட்லி பயன்படுத்தியது வணிக விசா. 2012 இறுதியில் பாகிஸ்தான், சீனா, ஈரான் உள்ளிட்ட சில நாட்டினர் தவிர மற்றவர்களுக்கு இவ்விதி நீக்கப்பட்டது.