ரஜினி என்ற பெயருக்காக ஒரு வழக்கு

2014இல் மும்பைக் கம்பனியொன்று 'மேய்ன் ஹூன் ரஜினிகாந்த்' என்று ஹிந்திப் படம் எடுத்தது. நடிகர் ரஜினிகாந்த் சென்னை உயர் நீதிமன்றம் போனார். வழக்கில் அவர் பெயர் சிவாஜி ராவ் கெய்க்வாட். பிறந்த பெயரோடு போய், வாழ்ந்து சம்பாதித்த பெயரைக் கேட்டார்!

கம்பனியார் விடவில்லை. இது அவருடைய கதையல்ல, அந்தப் பெயர் வேறு பலருக்கும் உண்டு என்றார்கள். இலேசான வாதமல்ல, நம்மூரிலும் ஒரே பெயரில் எத்தனை பேர்! ஆனால் 2015 பெப்ரவரி 3இல் நீதிபதி ஆர். சுப்பையா தடை விதித்தார். பெயரைக் கேட்டதும், அந்த நடை, பேச்சு, பாணியைப் பார்த்ததும் சனங்களுக்கு யார் ஞாபகம் வருகிறார்? அவரை அடையாளம் காண முடிந்தால் போதும், மக்கள் ஏமாந்தார்கள் என்று தனியாக நிரூபிக்கத் தேவையில்லை என்றார். படம் பிறகு வேறு பெயரில் வந்தது.

இந்தச் சண்டை பழையது. 1953இல் அமெரிக்காவில் பேஸ்போல் வீரர்களின் படத்துக்காக இரண்டு சுவிங்கம் கம்பனிகள் மோதியபோதுதான், தன் படத்தின் வியாபாரப் பெறுமதி அந்த ஆளுக்கே உரியது என்று நீதிபதி ஜெரோம் பிராங்க் எழுதினார். இந்தியாவில் சௌரவ் கங்குலிக்கு வாழ்த்து அனுப்பச் சொல்லி டாட்டா தேயிலைப் பக்கெட்டுக்குள் தபாலட்டை வைத்தார்கள். அவரும் கோர்ட்டுக்குப் போனார், சமரசத்தில் முடிந்தது. பாடகர் தலேர் மெஹந்தி போலப் பாடும் பொம்மை விற்ற கடைக்கு எதிராக 2010இல் டில்லி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் கேலிச்சித்திரம், நையாண்டியை இதைச் சொல்லி அடக்கக் கூடாது என்றும் அதே தீர்ப்பு எச்சரித்தது. நமக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

நம் நாட்டில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டத்தில் நியாயமற்ற போட்டி பற்றிய 160ஆம் பிரிவு இருக்கிறது. பிரபலமானவரைக் காட்டி மக்களைக் குழப்பி வியாபாரம் செய்வதும் அதற்குள் வரும்.

பெறுபேறு வந்ததும் டியூசன் பதாகைகளில் ஏறும் பிள்ளைகளோ பிரபலங்கள் அல்ல. ரஜினிக்குக் கிடைத்த தீர்ப்பு ஒன்பது ஏ எடுத்த பிள்ளைக்கு அப்படியே பொருந்தாது. படிக்காத வகுப்பின் பதாகையில்கூடப் பிள்ளையின் முகம் வந்துவிட்டதாகப் பெற்றோர் நம்மிடம் குறைப்பட்டிருக்கிறார்கள். உம்மா வாப்பாவிடம் ஒரு கோல் எடுத்துக் கேட்க எவ்வளவு நேரம் போகும்?

2024இல் 'லால் சலாம்' படத்துக்காக, மறைந்த ஷாஹுல் ஹமீதின் குரலைச் செயற்கை நுண்ணறிவால் பாடவைத்த ஏ.ஆர். ரஹ்மான், குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, உரிய பணமும் கொடுத்ததாக அறிவித்தார்.