பெயர் மறைக்கப்பட்ட பெருந்தச்சர்

சங்கத் தொகைகளில் இயற்பெயர் அறியப்படாத புலவர் சிலர், தாம் ஆண்ட தொடராலேயே பெயர் பெற்றனர். அவர்தம் பெயரைக் காலம் மறைத்தது. சோவியத் ராக்கெட் பொறியியலின் முன்னோடி செர்கெய் கொரோலியோவின் பெயரையோ, அவர் உயிரோடிருந்தபோதே அரசு மறைத்தது.

1907இல் உக்ரைனின் ஷித்தோமிரில் பிறந்த கொரோலியோவ், கீவிலும் மாஸ்கோவிலும் பயின்றவர். விமான வல்லுநர் துப்போலெவ் அவர்தம் ஆசான். 1933 ஆகஸ்டு 17இல் அவர் தலைமை தாங்கிய ஆர்வலர் குழு ஏவிய சிறு ராக்கெட் ஏறத்தாழ 400 மீட்டர் உயர்ந்தது.

1938 ஜூனில், ஸ்டாலினின் களையெடுப்பில் அவர் கைதானார். வதைக்கப்பட்டுப் பொய்க்குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவருக்கு எதிராகப் பயன்பட்ட வாக்குமூலங்களுள் எஞ்சின் வல்லுநர் குளுஷ்கோவினதும் ஒன்று. குளுஷ்கோவும் அப்போது சிறையிலிருந்தவரே. அவரை எளிதிற் பழித்தல் தகாது. கொலிமாவின் தங்கச் சுரங்கத்தில் கொரோலியோவ் ஸ்கர்வி நோயுற்றுப் பற்கள் பலவற்றை இழந்தார். 1940இல் கைதிப் பொறியாளர் பணிபுரியும் சிறைக்கு மாற்றப்பெற்றார். அங்கே துப்போலெவும் ஒரு கைதி! 1944இல்தான் விடுதலை.

பின்னர் அவர் உருவாக்கிய ஆர்-7 ராக்கெட்டுக்கு எஞ்சின் அமைத்தவர் அதே குளுஷ்கோ என்பது வியப்பிற்குரியது. அணுகுண்டு சுமக்கவே அந்த ராக்கெட் பிறந்தது என்பதையும் மறைத்தல் ஆகாது. எனினும், 1957 அக்டோபர் 4இல் 83.6 கிலோ எடையுள்ள ஸ்புட்னிக்கை விண்ணில் நிறுத்தியதும், 1961 ஏப்ரல் 12இல் ககாரினைச் சுமந்து சென்றதும் அதன் வழிவந்த ராக்கெட்டுகளே.

உலகம் ககாரினைக் கொண்டாடியது. அனுப்பியவர் யாரென வினவியோர்க்குத் 'தலைமை வடிவமைப்பாளர்' என்னும் பதவிப்பெயரே விடையாயிற்று. பிராவ்தா இதழில் கொரோலியோவ் எழுதிய கட்டுரைகளும் 'பேராசிரியர் கே. செர்கெயெவ்' என்ற பெயரிலேயே வெளிவந்தன. கவிஞர் தாமே விரும்பிச் சூடுவது புனைபெயர். இதுவோ பூட்டப்பட்ட முகமூடி.

1966 ஜனவரி 14இல் அறுவை சிகிச்சையின்போது அவர் மறைந்தார். அகவை 59. இரண்டு நாள் கழித்து இரங்கற் செய்தியாகவே அவர் பெயரும் படமும் மக்களைச் சென்றடைந்தன. அவர் தொடங்கிய சந்திரப் பயண ராக்கெட்டான என்-1, 1969 முதல் 1972 வரை நான்கு முறை ஏவப்பட்டு நான்கு முறையும் தோற்றது. எரிபொருள் குறித்து மூண்ட பிணக்கால் அதற்கு எஞ்சின் செய்யக் குளுஷ்கோ மறுத்திருந்தார். ஆர்-7 குடும்பமோ இருபத்தோராம் நூற்றாண்டிலும் மனிதரை விண்ணேற்றி வருகிறது.

அவர் பணியாற்றிய, மாஸ்கோவை அடுத்த கலினின்கிராட் நகர் 1996இல் கொரோலியோவ் எனப் பெயர் மாற்றம் பெற்றது.