இரண்டு பி.ஜி.பி.ஆர்.: சொக்லேட்டில் ஒன்று, வேரடியில் ஒன்று

இலங்கையின் ஊவா மாகாணத்தில், லுணுகலைக்கு மேலே தேயிலை மலைகள். பிபிலைப் பக்கம் இறங்கினால், கொக்கோவும் விளையும் மொனராகலை மாவட்டம். சொக்லேட் உறைகள் சிலவற்றில் காணும் 476 என்ற எண், பி.ஜி.பி.ஆர். என்னும் பால்மமாக்கியைக் குறிக்கும். வேரைச் சுற்றி வாழ்ந்து செடியை வளர்க்கும் பக்டீரியாக்களுக்கும் விவசாய விஞ்ஞானத்தில் அதே சுருக்கப்பெயர்தான். இரண்டும் சிறிதளவு இட்டுப் பெரும்பயன் தேடுபவை. அந்தப் பயன் யாரைச் சேர்கிறது என்பதில்தான் அவை பிரிகின்றன.

முதலாவது, ஆமணக்கெண்ணெயின் கொழுப்பமிலத்தைப் பொலிகிளிசரோலோடு இணைத்துச் செய்வது. உருகிய சொக்லேட்டில் சீனித் துகள்களும் கொக்கோத் துகள்களும் ஒன்றையொன்று பற்றி நிற்கும். லெசித்தின் கலவையின் தடிப்பைக் குறைக்கிறது. 476, அது ஓடத் தொடங்கத் தேவையான விசையைக் குறைக்கிறது. ஐரோப்பாவில் கிலோவுக்கு 5 கிராமே உச்ச அளவு. அவ்வளவிலேயே விலைகூடிய கொக்கோ வெண்ணெயில் ஒரு பங்கு மிச்சமாகிறது. உண்பவர் அஞ்ச வேண்டியதில்லை: உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 25 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என 2017இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை முடிவுசெய்தது.

இரண்டாவதன் வேலை பலவகை. அசோஸ்பைரில்லம் காற்றின் நைதரசனைச் செடிக்கு ஏற்றதாக்குகிறது. சூடோமோனாஸ் இனங்கள் சில, நோய்ப் பூஞ்சைகளுக்கு இரும்புச்சத்து எட்டாமல் செய்கின்றன. பசிலஸ் இனங்கள் சில பொசுபரசைக் கரைக்கின்றன. தேயிலைக்கு ஏற்ற அமில மண்ணில் பொசுபரசு இரும்போடும் அலுமினியத்தோடும் இறுகிவிடுவதால் மலைநாட்டுக்கு இந்த உதவி பெரிது.

476ஐ அளந்து ஊற்றினால் ஒவ்வொரு முறையும் ஒரே விளைவு. பக்டீரியாவோ உயிர், அதற்கு ஈரமும் மக்கும் வேண்டும். கச்சான் காற்று உலர்த்திய, மேல்மண் கழுவுண்ட சரிவில் இட்டதெல்லாம் பிழைக்காது. அதை நம்பிப் பசளையைத் திடீரென நிறுத்தவும் முடியாது. 2021 மே மாதம் இலங்கை அரசு இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாகத் தடுத்தது. நவம்பரில் தடையைக் கைவிட்டது. அதற்குள் மலைகள் பசளையின்றிக் காய்ந்தன. ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022இல் 25 கோடியாகச் சரிந்ததற்கு அந்தத் தட்டுப்பாடு முக்கிய காரணம். கொழுந்து குறைந்தால், நிறைக்கேற்பக் கூலி பெறும் பெண்களின் வருமானமும் குறையும். ஆகவே பக்டீரியா பசளைக்குத் துணை, திடீர் மாற்றன்று.

476 தரும் மிச்சம் தொழிற்சாலைக் கணக்கில் ஏறுகிறது; கொக்கோ பயிரிடுபவருக்கு அதில் பங்கில்லை. பக்டீரியா தரும் ஆதாயம் மண்ணுக்கும், அந்த மண்ணில் உழைப்பவருக்கும். ஊவாத் தோட்டங்கள் முதலிட வேண்டியது இதில்தான். தோட்ட நிருவாகங்களே, பக்டீரியாப் பொதி வாங்குமுன், கவ்வாத்துத் தழையையும் முள்முருங்கை இலையையும் மலையிலேயே மக்க விடுங்கள்.