தற்காலிக வீடுகளின் நீண்ட ஆயுள்

இரண்டாம் உலகப் போரில் ஜேர்மன் விமானங்கள் வீசிய குண்டுகளால் இலண்டன், கொவென்றி, ஹள், பிளிமத் முதலாய பிரித்தானிய நகரங்களில் எண்ணற்ற வீடுகள் அழிந்தன. போர்முனையினின்றும் திரும்புவோர்க்கும் உறையுள் வேண்டியிருந்தது. ஆயின் கட்டடத் தொழிலாளரோ மரமோ போதிய அளவிற் கிடைக்கவில்லை. வீட்டின் பகுதிகளைத் தொழிற்சாலையிற் செய்து, நிலத்திற் கொணர்ந்து பொருத்தும் திட்டம் இந்நெருக்கடியின் விளைவே எனலாம்.

1944 மார்ச்சில் பிரதமர் சேர்ச்சில் இத்திட்டத்தை வானொலியில் அறிவித்தார். ஐந்து இலட்சம் வீடுகள் வரை அப்போது பேசப்பட்டன. அவ்வாண்டே நிறைவேறிய சட்டம் இதற்கென 15 கோடி பவுண் ஒதுக்கியது. போர் விமானங்கள் செய்த தொழிற்சாலைகள் அலுமினிய வீடுகளைச் செய்யலாயின. நான்கு பகுதிகளாகப் பாரவண்டிகளில் வந்த அவ்வீடு, முன்னரே இடப்பட்ட அத்திவாரத்தின்மீது பொருத்தப்பட்டது. இவ்வகையில் மட்டும் ஏறத்தாழ 54,500 வீடுகள் எழுந்தன.

அரசின் அளவுகோலால் நோக்கின் திட்டம் முழு வெற்றி பெற்றதெனக் கூறுதல் இயலாது. 1949 வரை எழுந்தவை 156,623 வீடுகளே. செலவும் மதிப்பீட்டை விஞ்சியது. குடியிருந்தோரின் மதிப்பீடோ வேறு. இரு படுக்கையறைகள், வீட்டினுள்ளேயே குளியலறையும் மலகூடமும், வசதியான சமையலறை, சூழவுள்ள சிறு தோட்டம் ஆகியன, நெருக்கடிமிக்க பழைய தெருக்களில் வாழ்ந்த தொழிலாளர் குடும்பங்களுட் பல முன்னர் அறியாதவை. எனவே, பத்து அல்லது பதினைந்து ஆண்டுகளுக்கென அமைந்த வீடுகளுட் பல, அக்கெடு கடந்தும் பல்லாண்டுகள் நிலைத்தன.

தென்கிழக்கு இலண்டனின் எக்ஸ்கலிபர் குடியிருப்பு இதற்குத் தக்க சான்றாகும். 1945-46இல் ஜேர்மன், இத்தாலியப் போர்க்கைதிகளின் உழைப்பால் எழுந்த அவ்வீடுகளில் அறுபதாண்டுகளுக்குப் பின்னரும் மக்கள் வாழ்ந்தனர். 2009இல் ஆறு வீடுகள் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களாயின. எஞ்சியவற்றை இடித்து மீளக் கட்டுவதா என்பது பற்றி 2010இல் நடந்த வாக்கெடுப்பில், 56 வீதத்தினர் இடிப்பதை ஆதரித்தனர். ஒரே குடியிருப்பைச் சேர்ந்த அயலவர் இரு பிரிவினராயினர்.

இதிலிருந்து பெறப்படும் படிப்பினை யாது? தொழிற்சாலை, வீடெழுப்பும் காலத்தைக் குறைக்கலாம். அவ்வீட்டில் மனிதர் வாழும் காலத்தை வரையறுக்க அதனால் இயலாது. போரின்பின் வீடமைப்போர், சில ஆண்டுகளுக்கென எழுப்பும் வீட்டிலும் ஒரு தலைமுறை வளரக்கூடும் என்பதை முதலிலேயே கருத்திற் கொள்ளுதல் வேண்டும்.