சியாச்சின் முன்னோடிகள்

இந்திய வான்படையின் 114-ஆம் ஹெலிகாப்டர் பிரிவுக்கு வழங்கும் பெயர். 1964-இல் தொடங்கப்பட்டது, தளம் லடாக்கின் லே. 1984 ஏப்ரலில் தொடங்கிய மேகதூத் நடவடிக்கைக்குப் பின், சியாச்சின் பனியாற்றுக் காவல்நிலைகளுக்கு உணவும் மண்ணெண்ணெயும் கொண்டுசெல்வது, நோயுற்ற வீரர்களைக் கீழே இறக்குவது இதன் அன்றாட வேலை.

அங்கே குளிர்காலத்தில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 50 டிகிரி வரை இறங்கும். ஆனால், குளிர் விமானிக்கு முழுப் பகையும் அல்ல. 6,000 மீட்டர் உயரத்துக் காற்று மெலிந்தது. குளிர்ந்தால் சற்றே அடர்த்தி கூடி, சுழலிக்குப் பிடிப்புக் கிடைக்கும். அதிகாலைப் பறப்பை விரும்புவது அதனால்தான். எஞ்சின் நின்றால் மீண்டும் கிளம்பாமல் போகலாம். எனவே மேல்நிலைத் தளங்களில், சீட்டா ஹெலிகாப்டரின் சுழலி சுற்றிக்கொண்டிருக்கும்போதே மூட்டைகளை இறக்கிவிடுகிறார்கள்.