மதுரையைவிடப் பக்கத்தில் யாழ்ப்பாணம்

முதலில் ஒரு சின்னக் கேள்வி. மீனம்பாக்கத்திலிருந்து விமானத்தில் போனால் மதுரை பக்கமா, யாழ்ப்பாணம் பக்கமா?

பெரும்பாலோர் மதுரை என்பீர்கள். நேர்கோட்டில் அளந்தால் மதுரை விமான நிலையம் சுமார் 415 கி.மீ.; யாழ்ப்பாணத்துப் பலாலி சுமார் 355 கி.மீ.தான். இந்தத் தூரத்தைக் கடக்க நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நேர்வழி இல்லாமல் போனதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

பலாலி ஓடுதளத்தை இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படை அமைத்தது. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோனின் முதல் விமானம், ஒரு டகோட்டா, கொழும்பை அடுத்த இரத்மலானையிலிருந்து கிளம்பி, இங்கே இறங்கி, சென்னைக்கு வந்தது. இலங்கை சுதந்திரம் பெற அப்போது இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அந்த நாட்டின் விமான சேவை தொடங்கியதே யாழ்ப்பாணம் வழியாக நம் ஊருக்குத்தான்!

1970களின் இறுதியில் ஏர் சிலோன் மூடப்பட்டது. பிறகு போர் வந்தது. பலாலி ராணுவத் தளமானது. 1990இல் சுற்றுவட்டார மக்கள் வீடு, தோட்டம், கோயில் எல்லாவற்றையும் விட்டு வெளியேற நேர்ந்தது. அந்த இடம் உயர் பாதுகாப்பு வலயமானது. தரைவழியும் அடைபட்ட காலங்களில் யாழ்ப்பாணத்தாருக்கு இரத்மலானைக்குப் போகும் உள்நாட்டு விமானமே துணை. அதுவும் பத்திரமான பயணமல்ல. 1998 செப்டம்பர் 29 அன்று பலாலியிலிருந்து கிளம்பிய லயன் ஏர் விமானம் மன்னார் அருகே கடலில் விழுந்தது. அதிலிருந்த 55 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை.

இனி கணக்கைப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் இருப்பவர் சென்னைக்கு வர வேண்டுமானால் தெற்கே கொழும்புக்குச் சாலையில் சுமார் 400 கி.மீ. போக வேண்டும். அங்கிருந்து விமானத்தில் வடக்கே சுமார் 640 கி.மீ. திரும்பி வர வேண்டும். ஆக 355 கி.மீ. தூரத்துக்கு ஆயிரம் கி.மீ. சுற்று! வைத்தியத்துக்கோ, உறவினர் கல்யாணத்துக்கோ, சாவுக்கோ வருகிறவர்களுக்கு இது ஒரு முழு நாளைத் தின்றுவிடும்.

2019 அக்டோபர் 17 அன்று பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. முதலில் இறங்கியது சென்னையிலிருந்து போன அலையன்ஸ் ஏர் விமானம். சில மாதங்களிலேயே கொரோனா வந்து சேவை நின்றது. 2022 டிசம்பர் 12 அன்று மீண்டும் தொடங்கியது. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் சேர்ந்தது. சுமார் 70 பேர் அமரும் ஏடிஆர் விமானம்தான் போகிறது. மணிக்கு 500 கி.மீ. வேகம் என்றால் முக்கால் மணியில் போய்விடலாமே என்று தோன்றும். ஆனால் ஓடுதளத்துக்கு நகர்வது, மேலேறுவது, இறங்குவது எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய ஒன்றேகால் மணி ஆகிவிடும்.

போரின்போது எடுக்கப்பட்ட நிலத்தில் ஒரு பகுதி உரியவர்களிடம் திரும்பியிருக்கிறது. மீதிக்காகக் காத்திருப்போர் இன்னும் உண்டு. யாழ்ப்பாணம் போகத் திட்டமிடுகிறவர்கள் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். விமானம் தாழ்ந்து இறங்கும்போது ஜன்னல் வழியே அந்தச் செம்மண்ணையும் ஒருமுறை பாருங்கள். அது யாரோ சிலர் தோட்டம் வைத்திருந்த மண்.