வீட்டு நாய், பூனைக்கு ஆபரேஷனா? தள்ளிப்போடுவதில் இருக்கும் ஆபத்து என்ன? குமரி மாவட்ட வாசகர்களுக்கு ஒரு விளக்கம்

"வயசான நாய்க்கு ஆபரேஷனா? வேண்டாம் மக்கா, அது தாங்காது."

நாய் வளர்க்கும் எந்த வீட்டிலும் இப்படிச் சொல்ல ஒரு மாமாவோ சித்தப்பாவோ இருப்பார். அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால் அதற்கு அடுத்து வரும் "ரெண்டு நாள் பார்ப்போம்" என்ற பேச்சுதான் பல நேரம் சிக்கலைக் கொண்டுவருகிறது. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் இப்போது வீட்டுக்கு வீடு லாப்ரடாரும் பக்கும் பெர்ஷியன் பூனையும் வந்துவிட்டன. அவற்றுக்கு ஆபரேஷன் என்று டாக்டர் சொன்னால் என்ன செய்வது, எதற்குப் பயப்படுவது? பார்க்கலாம் வாங்க.

மயக்க மருந்து கொடுத்தால் எழுந்திருக்காதா?

எல்லோருக்கும் வரும் முதல் பயம் இதுதான். 2002 முதல் 2004 வரை பிரிட்டனில் 117 கால்நடை கிளினிக்குகளில் மயக்க மருந்து கொடுக்கப்பட்ட சுமார் 98,000 நாய்களையும் 79,000 பூனைகளையும் ஒரு பெரிய ஆய்வு கணக்கெடுத்தது. முடிவுகள் 2008-ல் வெளியாயின. ஆரோக்கியமாக இருந்த நாய்களில் மயக்க மருந்து தொடர்பான காரணத்தால் இறந்தவை 0.05 சதவீதம், அதாவது 2,000-ல் ஒன்று. பூனைகளில் ஏறக்குறைய 900-ல் ஒன்று.

ஏற்கெனவே நோய்வாய்ப்பட்டு மேஜைக்கு வந்தவற்றின் கணக்கு வேறு. நாய்களில் 1.33 சதவீதம், பூனைகளில் 1.40 சதவீதம். சுமார் 75-ல் ஒன்று! அது பிரிட்டன், அங்குள்ள வசதி வேறு, அந்த எண்களை அப்படியே நம்ம ஊருக்குப் பொருத்த முடியாது என்பது சரிதான். ஆனால் நாய்களில் இரண்டு கணக்குக்கும் நடுவே 25 மடங்குக்கு மேல் வித்தியாசம் இருக்கிறதே, அதைக் கவனியுங்கள். ஆபரேஷனைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளும் உங்கள் நாய் முதல் கணக்கிலிருந்து இரண்டாவது கணக்குக்கு நகர்கிறது.

கருப்பையில் சீழ்: பெண் நாய் வளர்ப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது

இதற்குச் சரியான உதாரணம் 'பயோமெட்ரா'. கருப்பைக்குள் சீழ் கட்டும் நோய்.

பெண் நாய் பொதுவாக ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஹீட்டுக்கு வரும். சேர்ந்ததோ இல்லையோ, அதன் பிறகு சுமார் இரண்டு மாதம் உடம்பில் புரோஜெஸ்ட்ரோன் ஹார்மோன் அதிகமாகவே இருக்கும். குட்டியை ஏற்கத் தயாராவது போலக் கருப்பையின் உள்சுவர் தடிக்கும், அதன் வாய் மூடிக்கொள்ளும். ஹீட் நேரத்தில் உள்ளே போன ஈ-கோலை போன்ற பாக்டீரியாவுக்கு இது வசதியான இடம். ஒவ்வொரு ஹீட்டிலும் இதே கதை திரும்பத் திரும்ப நடப்பதால், வயது ஏற ஏற ஆபத்தும் ஏறும்.

ஹீட் முடிந்து நான்கு முதல் எட்டு வாரத்தில் அறிகுறிகள் தெரியும். நாய் வழக்கத்தை விட அதிகமாகத் தண்ணீர் குடிக்கும், அடிக்கடி சிறுநீர் போகும். சோறு வேண்டாம் என்று ஒதுங்கும், வாந்தி எடுக்கலாம். பின்பக்கம் சீழோ ரத்தம் கலந்த கசிவோ தெரிந்தால் கண்டுபிடிப்பது சுலபம். கருப்பை வாய் முழுதாக மூடியிருந்தால் வெளியே ஒரு சொட்டும் வராது. வயிறு மட்டும் வீங்கும். அதுதான் அதிக ஆபத்து. "வெயிலுக்குத் தண்ணி குடிக்குது"ன்னு வீட்டில் இருப்பவர்கள் நினைத்துக்கொண்டிருக்கும்போதே நச்சு ரத்தத்தில் கலந்து கிட்னியைப் பாதிக்கத் தொடங்கிவிடும்.

இது அரிதான நோயும் இல்லை. நாய்களுக்கு வழக்கமாகக் கருத்தடை செய்யும் பழக்கம் குறைவாக இருந்த ஸ்வீடனில், காப்பீட்டுப் பதிவுகளை வைத்து ஆய்வு செய்தார்கள். 10 வயதுக்குள் ஐந்தில் ஒரு பெண் நாய் முதல் நான்கில் ஒன்று வரை இந்த நோய்க்கு ஆளாகியிருந்தது.

சிகிச்சை? வயிற்றைத் திறந்து சூலகங்களையும் சீழ் நிறைந்த கருப்பையையும் சேர்த்து எடுப்பதுதான் நிரந்தரத் தீர்வு. ஊசி மருந்து மட்டும் கொடுத்துச் சமாளித்தால் அடுத்த ஹீட்டில் திரும்ப வர வாய்ப்பு அதிகம். யோசித்துப் பாருங்கள், இதே உறுப்புகளை எடுக்கும் ஆபரேஷன்தான் சின்ன வயதில் செய்யும் கருத்தடையும். அப்போது நாய் திடமாக இருக்கும், கருப்பை விரல் தடிமனுக்கும் குறைவு. பயோமெட்ராவில் அதே கருப்பை குடல் போல வீங்கி, கிழிந்தால் சீழ் வயிறு முழுக்கப் பரவும் நிலையில் இருக்கும்.

"ஒரு தடவையாவது குட்டி போட்டாத்தான் உடம்புக்கு நல்லது" என்ற நம்பிக்கைக்கு மருத்துவ ஆதாரம் இல்லை. கருத்தடையை எந்த வயதில் செய்வது என்பதில் மட்டும் அவசரப்பட வேண்டாம். சிறிய இனங்களுக்கும் நாட்டு நாய்க்கும் ஆறு மாத வாக்கில் செய்வது வழக்கம். கோல்டன் ரெட்ரீவர் போன்ற பெரிய இனங்களில் ஒரு வயதுக்கு முன்பே செய்தால் மூட்டுப் பிரச்சினை கூடுவதாக, அமெரிக்காவின் டேவிஸ் கலிபோர்னியா பல்கலைக்கழகம் 2013-ல் வெளியிட்ட ஆய்வு சொன்னது. இனத்தைச் சொல்லி டாக்டரிடம் கேட்டு முடிவெடுங்கள். பூனை நான்கைந்து மாதத்திலேயே ஹீட்டுக்கு வந்துவிடும், அங்கே ரொம்ப யோசிக்க நேரமில்லை.

ஆண் பூனை மணலில் உட்கார்ந்து முக்குகிறதா?

மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுப்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகலானது. படிகமோ சளி போன்ற அடைப்போ சிக்கினால் சிறுநீர் முழுதாக நின்றுவிடும். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத்தையே நிறுத்திவிடலாம். ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள்தான் அவகாசம். மயக்கம் கொடுத்துக் கேதீட்டர் குழாய் விட்டு அடைப்பை நீக்குவதுதான் முதல் சிகிச்சை. திரும்பத் திரும்ப அடைத்தால்தான் பாதையை அகலப்படுத்தும் ஆபரேஷன்.

பூ கட்டும் நூலும் தூண்டில் முள்ளும்

தோவாளைப் பூச்சந்தை இருக்கும் மாவட்டம் இது. பூ கட்டுவதும் கட்டிய சரத்தைக் கழற்றிப் போடுவதும் தினசரி வேலை. பூனைக்கு அந்த நூல் விளையாட்டுச் சாமான். விழுங்கும்போது ஒரு முனை நாக்கின் அடியில் மாட்டிக்கொண்டு மறுமுனை குடலுக்குள் போய்விடும். குடல் அதை நகர்த்தப் பார்க்கும், நூல் நகராது. கடைசியில் பாவாடை நாடாவை இழுத்தால் துணி சுருங்குமே, அப்படிக் குடல் சுருங்கி நூலால் அறுபடும். வாயிலோ பின்பக்கமோ நூல் தெரிந்தால் இழுக்கவே கூடாது. எங்க ஆச்சி வீட்டுப் பூனைக்கு இப்படி நடந்தபோது நான் செய்யப்போன முதல் காரியம் இழுப்பதுதான், பக்கத்து வீட்டு அக்கா கையைத் தட்டிவிட்டார்.

குளச்சல், முட்டம், சின்னமுட்டம் மாதிரிக் கடற்கரை ஊர்களில் நூலுக்குப் பதில் தூண்டில். மீன் வாசனைக்கு முள்ளையும் சேர்த்து விழுங்கிவிடும். அங்கேயும் நரம்பைப் பிடித்து இழுத்தால் முள் இன்னும் ஆழமாகக் குத்தும். நரம்பை ஒட்ட வெட்டவும் வேண்டாம், டாக்டருக்கு அதுதான் வழிகாட்டி. எக்ஸ்ரேயில் முள் பளிச்சென்று தெரியும். மாங்கொட்டை அப்படித் தெரியாது. மாம்பழ சீசனில் நாய் தொடர்ந்து வாந்தி எடுத்தால் "கொட்டையை முழுங்கியிருக்கலாம்" என்று நீங்களே சொல்லுங்கள், ஸ்கேன் எடுக்க உதவும்.

எங்கே போவது?

நாகர்கோவிலில் அரசு கால்நடை மருத்துவமனை இருக்கிறது, முக்கிய ஊர்களில் தனியார் கிளினிக்குகள் இருக்கின்றன. எலும்பு முறிவுக்குப் பிளேட் வைப்பது போன்ற சிக்கலான வேலைக்குத் திருநெல்வேலி ராமையன்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பலாம். 2012-ல் தொடங்கிய கல்லூரி அது. அதற்கு முன் நம்ம மாவட்டத்துக்காரர்களுக்குத் திருவனந்தபுரமோ, இல்லாவிட்டால் சென்னை வேப்பேரியோதான். விளவங்கோடு பக்கத்துக்காரர்களுக்கு இப்பவும் திருவனந்தபுரம்தான் கிட்டே.

ஆபரேஷன் செய்பவர் பதிவு பெற்ற கால்நடை மருத்துவர்தானா என்று கேட்பதில் தப்பில்லை. 1984-ம் ஆண்டின் இந்திய கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி, பதிவு பெற்றவருக்கே அந்த அனுமதி. இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் யார் திறந்திருப்பார்கள் என்பதை இன்றே விசாரித்து போனில் சேமித்து வையுங்கள். அடைப்பு எப்போதும் சனிக்கிழமை ராத்திரிதான் வரும்!

முந்தைய நாள் என்ன செய்ய வேண்டும்?

திட்டமிட்ட ஆபரேஷன் என்றால் வளர்ந்த நாய், பூனைக்கு முந்தைய இரவோடு உணவை நிறுத்தச் சொல்வார்கள். வயிற்றில் சோறு இருந்தால் மயக்கத்தில் வாந்தி மேலே வந்து நுரையீரலுக்குள் போய்விடும். சின்னக் குட்டிகளுக்கு நீண்ட பட்டினி ஆகாது, சர்க்கரை அளவு இறங்கிவிடும். எத்தனை மணி நேரம், தண்ணீர் எதுவரை என்பதை டாக்டரிடமே கேளுங்கள். "பாவம், பட்டினியா போகுதே" என்று வீட்டில் யாராவது ஒரு துண்டு மீன் போட்டிருந்தால், அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஒரு நாள் தள்ளிவைப்பார்கள், அவ்வளவுதான்.

ரத்தப் பரிசோதனை வேண்டாம், செலவு மிச்சம் என்று நினைக்காதீர்கள். நம்ம பகுதியில் உண்ணிக் காய்ச்சல் சாதாரணம். அது ரத்தத்தில் பிளேட்லெட்டைக் குறைத்துவிடும். நாய் பார்க்க நன்றாகவே ஓடியாடும், ஆனால் கத்தி வைத்தால் ரத்தம் நிற்காது. முன்பே தெரிந்தால் அதற்குச் சிகிச்சை கொடுத்துவிட்டுப் பிறகு செய்யலாம். பக், ஷிட்சு, பெர்ஷியன் மாதிரி சப்பை மூக்கு இனங்களுக்கு மூச்சுப் பாதை குறுகல் என்பதால் மயக்கத்திலும், தெளியும்போதும் கூடுதல் கவனம் தேவை.

ஆபரேஷன் முடிந்த பிறகுதான் கவனம்

மேலே சொன்ன பிரிட்டன் ஆய்வில் இன்னொரு தகவல் இருக்கிறது. இறந்த நாய்களில் 47 சதவீதமும் பூனைகளில் 61 சதவீதமும் ஆபரேஷன் முடிந்த பிறகு இறந்தவை. அவற்றில் சுமார் பாதி, முடிந்து மூன்று மணி நேரத்துக்குள்.

தையல் போட்டாச்சு என்று மயக்கம் தெளியாத நாயைக் காரில் படுக்கவைத்துக் கிளம்ப வேண்டாம். நெல்லையிலிருந்து நாகர்கோவில் சுமார் 80 கிலோமீட்டர். தலையைத் தூக்கி, தானாக எழுந்து நிற்கும்வரை மருத்துவமனையிலேயே இருக்கலாமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பயணத்தில் ஏசியைக் குறைத்து, துண்டு போர்த்தி, கழுத்து மடங்காமல் படுக்கவையுங்கள். மயக்கத்தில் உடம்புச் சூடு இறங்கியிருக்கும். ஈறு வெளுத்துப்போனாலோ வயிறு உப்பினாலோ மூச்சு திணறினாலோ வண்டியைத் திருப்புங்கள்.

வீட்டுக்கு வந்ததும் வலியில் முனகுகிறதே என்று நம்ம மாத்திரையைக் கொடுத்துவிடுவதுதான் பெரிய தப்பு. பாராசிட்டமாலைப் பூனையின் உடம்பால் சிதைத்து வெளியேற்ற முடியாது. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே அதன் உயிரைப் பறிக்கப் போதும். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் நாய்க்கு வயிற்றுப் புண்ணையும் கிட்னி பாதிப்பையும் உண்டாக்கும். டாக்டர் எழுதிய வலி மருந்து மட்டும், எழுதிய அளவு மட்டும்.

தையலில் மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் பூச வேண்டாம். கூம்பு காலரைப் பார்த்தால் நமக்கே பாவமாக இருக்கும், ஆனால் கழற்றிய பத்து நிமிடத்தில் நாய் தையலை நக்கிப் பிரித்துவிடும். குமரிக்கு வருஷத்தில் இரண்டு பருவமழை என்பதால் முற்றத்தில் கட்டிப்போடும் பழக்கத்தையும் கொஞ்ச நாள் நிறுத்துங்கள். ஈரமான காயத்தில் ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். வெளித்தையலைப் பொதுவாக 10 முதல் 14 நாளில் பிரிப்பார்கள், உள்ளே போட்ட நூல் தானாகக் கரைந்துவிடும்.

ஆண் நாய்க்குக் கருத்தடை செய்தவர்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் தகவல். விதையை எடுத்த பிறகும் குழாயில் தங்கிய உயிரணுக்களால் சில வாரம் வரை குட்டி உண்டாக வாய்ப்பு இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெண் நாய் ஹீட்டில் இருந்தால், தையல் பிரித்த பிறகும் ஒரு மாதம் வரை கேட்டைச் சாத்தியே வையுங்கள்.